புளூட்டோவை ஆட்டிய ஜீப்

நான் ஜீப் ஓட்டி ஒரு கிரகத்தையே ஆட்டிவிட்டேன் என்று ஒருத்தர் சொன்னார். சொன்னவர் பைத்தியமில்லை. சக்கரவர்த்தி சார், மதராசிலிருந்து காவலூர் வானாய்வுக்கூடத்துக்கு வந்து, பெரிய தொலைநோக்கியில் புளூட்டோவைப் படம்பிடித்த விஞ்ஞானி. 1978 பங்குனி. அவருக்கு வண்டி ஓட்டியவன் நான். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். வாய்க்கு மட்டும் ஓய்வில்லை.

புளூட்டோ இருக்கிற இடத்துக் குளிரில் வாயைத் திறந்தால், பேச்சு உறைந்து ஐஸ் கட்டியாகக் காலில் விழும். அத்தனை தூரத்தில் இருப்பது கண்ணாடித் தகட்டில் ஒரு புள்ளியாகத்தான் பதியும். சாரின் தகட்டில் அந்தப் புள்ளி ஒரு பக்கம் கன்னம் வீங்கினாற்போல் இருந்தது.

"கோபால்சாமி, படம் எடுக்கறப்ப டெலஸ்கோப் இருக்கற மேட்டுல வண்டியை ஏத்தினியா?"

"ஆமா சார். உங்களுக்குத்தான் டீ எடுத்தாந்தேன்."

"அந்த ஆட்டத்துலதான் புளூட்டோ ஆடிப்போச்சு."

டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னார். மறுநாளே வேறு டிரைவரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நானும் என் ஜீப்பும் சந்தவாசலுக்குக் காய்கறி வாங்கப் போனோம். நானூறு கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதை ஆட்டின ஜீப், பக்கத்துப் புளியமரத்தில் ஒரு பழத்தைக்கூட உதிர்த்ததில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. என் மகள் சகுந்தலாவைப் படவேட்டு சிங்காரத்தின் மகனுக்குப் பேசி, சித்திரையில் நிச்சயம் என்று வைத்திருந்தோம். இந்தச் சேதி பஸ் ஏறிப் படவேடு போனது. வழியிலேயே வளர்ந்து, நான் கிரகத்தைத் தூக்கிக் கீழே போட்டதாகப் போய் இறங்கியது.

சிங்காரம் நேரில் வந்தார்.

"பொருத்தம் பார்த்த வாரத்துலதான் கிரகம் ஆடிச்சாம். அந்தப் பொருத்தம் செல்லாதுன்றாரு ஜோசியரு."

"சம்பந்தி, நவக்கிரகத்துல புளூட்டோவே கெடையாதுங்க."

"அதாங்க பயம். சனின்னா எள்ளு வெளக்கு ஏத்தலாம். இதுக்கு எந்தக் கோயிலுக்குப் போறது? நீங்க பாட்டுக்கு ஆட்டிட்டீங்க."

நிச்சயம் நின்றது. சகுந்தலா புதுப் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். எனக்கு வந்த சூட்டில் ஒரு பானை சாமைச் சோற்றை அடுப்பில்லாமலே வடித்திருக்கலாம்.

ஆவணி பிறந்ததும் சார் மறுபடி வந்தார். முகம் தொங்கியிருந்தது.

"வண்டி ஆடலப்பா. அமெரிக்காவுல கண்டுபிடிச்சிட்டாங்க. புளூட்டோவுக்குப் பக்கத்துலயே அதுல பாதி பெருசுக்கு ஒரு நிலா. ரெண்டும் ஒட்டித் தெரிஞ்சதுதான் அந்த வீக்கம். என் தகட்டுல மத்த நட்சத்திரமெல்லாம் உருண்டையாத்தான் இருந்தது. வண்டி ஆட்டியிருந்தா அதுங்களும் வீங்கியிருக்கணும். உன்னைத் திட்டற அவசரத்துல நான் அதைப் பார்க்கல."

"இத எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்றீங்க? வண்டியில ஏறுங்க."

படவேட்டில், சிங்காரத்தின் வீட்டில், பெரிய எலுமிச்சை ஒன்றையும் சின்னது ஒன்றையும் எடுத்து எதிரெதிரே சுற்றிக் காட்டினார் சார்.

"ரெண்டும் ஐஸ் உருண்டை. ஒண்ணை ஒண்ணு சுத்துது. முகத்தைத் திருப்பிக்கறதே இல்ல."

சிங்காரம் மலர்ந்துபோனார்.

"அட, ஜோடியா? அந்தக் குளிர்லயும் பிரியாம சுத்துதா? இதவிட நல்ல சகுனம் இன்னா வேணும்."

அப்போதே பூ, பழம், வெற்றிலை வைத்த தட்டோடு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். கிரகத்தை ஆட்டிய அதே ஜீப்.

எங்கள் வீட்டில் சகுந்தலா எல்லோருக்கும் மோர் கொடுத்தாள். தட்டை வாங்கவில்லை.

"மாமா, அமெரிக்காக்காரன் பார்த்துச் சொல்லலன்னா எங்க நைனா இன்னும் கிரகத்தை ஆட்டினவருதான், இல்லீங்களா?"

"அதான் சரியாய்டுச்சேம்மா."

"நாளைக்கு உங்க வூட்டுல பால் திரிஞ்சா, எனக்கு எந்த நாட்டுக்காரன் வந்து சாட்சி சொல்லுவான்? தட்டை எடுத்துக்கினு போங்க."

சார் மோர் டம்ளருக்குள் எதையோ தேடினார். என் மனைவி ரஞ்சிதம் என்னைப் பார்த்தாள். நான் தட்டை எடுத்துச் சிங்காரத்தின் கையில் கொடுத்துவிட்டு, ஜீப் சாவியை எடுத்தேன்.

வந்தவரைத் திரும்பக் கொண்டுபோய் விடுவது என் கடமை. படவேடு வரைக்கும் எத்தனை பள்ளம் உண்டோ அத்தனையிலும் இறக்கி ஏற்றினேன். இல்லாத பள்ளத்தையும் தேடிப் பிடித்தேன். வாழைப்பழம் சிங்காரத்தின் மடியில் பஞ்சாமிர்தமாயிற்று.

"மெதுவா போங்க டிரைவரே."

"வண்டி ஆடுதுங்க. இன்னா பண்றது."

அன்றைக்குப் புளூட்டோ கட்டாயம் ஆடியிருக்கும். அதன் ஜோடியும் சேர்ந்து ஆடியிருக்கும். அமெரிக்காக்காரன் பார்த்திருந்தால் சொல்லட்டும்.