மாரிட்டின் பித்தளை முனைகள்

ஆகஸ்ட் கடைசி வந்துவிட்டால் எங்கள் பக்கத்து வீடுகளில் கொல்லைப்புறம் சும்மா இருக்காது. வைக்கோல் பொதியை நிறுத்தி அதன்மேல் அம்பு விட்டுப் பழகுவார்கள். மான் வேட்டை முதலில் வில்காரர்களுக்குத்தான் திறக்கும். துப்பாக்கிக்காரர்கள் நவம்பர் வரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். மாலையில் சாலையோடு போனால் வீட்டுக்கு வீடு தப், தப் என்று அந்தச் சத்தம் கேட்கும்.

ஆர்லின் ட்விட்டின் வீட்டில் மட்டும் போன வருஷம் வெகுநாள்வரை அந்தச் சத்தம் எழவில்லை. கொட்டகைக் கூரையைச் சரிசெய்யும்போது கீழே விழுந்து வலது தோளில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. அதற்கு முந்தைய வருஷ வசந்தத்தில்தான் அவர் மனைவி மாரிட்டுக்குப் பக்கவாதம் வந்து, டவுனில் உள்ள பராமரிப்பு இல்லத்தில் சேர்த்திருந்தார்கள். மாரிட்டுக்குப் பேச்சு போய்விட்டது. இடது கை மட்டும் சொன்னபடி கேட்டது.

அந்த ஒரு கை போதுமானதாக இருந்தது. காரணம், அவர்கள் இருவரும் முப்பது வருஷமாகக் கையால் பேசிப் பழகியவர்கள். ஆற்றங்கரைப் பள்ளத்தின் இரு பக்கமும் இரண்டு ஓக் மரங்கள். மான் வரும்வரை ஒன்றின்மேல் ஆர்லின், எதிர்மரத்தின்மேல் மாரிட். மரத்தின் மேல் வாய் திறக்க முடியாது. உள்ளங்கையை விரித்துக் காட்டினால் ‘அசையாதே, வருது’ என்று பொருள். இரண்டு விரலைக் கண்ணருகே வைத்தால் ‘பார்த்தியா?’

ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து ஆர்லின் இல்லத்துக்குப் போவார். மாரிட் ஜன்னலைப் பார்ப்பார், பிறகு இரண்டு விரலைக் கண்ணருகே வைப்பார். பார்த்தியா? ஆர்லின் இல்லையென்று தலையாட்டுவார். சாலையில் தினமும் மான் குறுக்கே ஓடத்தான் செய்தது. ஆனால் வண்டியிலிருந்து பார்த்த மான் கணக்கில் சேராது என்பது மாரிட்டே வைத்த சட்டம். மரத்தின்மேல், மடியில் வில்லோடு, விடியலில் பார்க்க வேண்டும். அப்படி ஒரே ஒரு காலைப்பொழுதை மாரிட்டிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆர்லின் ஜெபத்தில் கேட்டது அவ்வளவுதான்.

சட்டம் இன்னொன்றும் இருந்தது. வேட்டை திறப்பதற்கு முன், இருபது கஜத்தில் ஒரு காகிதத் தட்டை மாட்டி, பயிற்சி முனை போட்ட மூன்று அம்பும் வேட்டைக் கத்திமுனை போட்ட மூன்று அம்பும் அதே தட்டுக்குள் விழ வேண்டும். விழாவிட்டால் மரம் ஏறக் கூடாது. தேவன் படைத்த உயிரை அரைகுறையாகக் காயப்படுத்திக் காட்டுக்குள் அலையவிடுவது பாவம் என்று இருவரும் நம்பினார்கள்.

தட்டுக்குக் குறைவில்லை. சபை விருந்தில் மிஞ்சிய தட்டுகள் ஒரு கட்டு இருந்தன. ஆனால் வில்லைத்தான் இழுக்க முடியவில்லை. இழுக்க அறுபது பவுண்டு பலம் கேட்கும் வில். பாதி வருவதற்குள் தோளில் தீ பிடித்தது. மாரிட்டின் சின்ன வில் அவர் நோயில் விழுந்ததுமே அவருடைய தங்கை மகளுக்குப் போய்விட்டது. அது இருந்திருந்தாலும் ஆர்லினின் நீண்ட கைக்குப் பொருந்தாது.

பக்கத்துப் பண்ணை எம்மட் கிராவுஸ், “நாண் நைஞ்சு போயிருக்கு, நான் மாத்திக் கொண்டாரேன்” என்று வில்லை எடுத்துப் போனார். வியாழக்கிழமை மாலை திருப்பிக் கொண்டுவந்தார்.

“இழுத்துப் பாருடா.”

ஆர்லின் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். நாண் தாடைவரை வந்து நின்றது. அவருக்கே நம்ப முடியவில்லை.

“டேய் எம்மட்! தோள் திரும்பி வந்துருச்சுடா!”

“வராம எங்க போகும்? நீ திங்கற சாஸேஜுக்குக் கல்லுக்கே தோள் முளைக்கும்.”

ஆர்லின் சிரித்துக்கொண்டே பழைய ஜன்னல் சட்டத்தில் வெள்ளைத் தாளை ஒட்டி நிறுத்தினார். அம்பு நேராகப் பறக்கிறதா என்று பார்க்க எங்கள் ஊரில் இதுதான் வழி. கிட்டத்தில் நின்று தாளின் ஊடாக விட வேண்டும். நேராகப் போனால் ஒரு துளையும் அதைச் சுற்றி இறகுகள் வெட்டிய மூன்று கோடுகளும் இருக்கும். வால் ஆட்டிக்கொண்டு போனால் தாள் நீளமாகக் கிழியும்.

தாள் பக்கவாட்டில் மூன்று விரல் அகலத்துக்குக் கிழிந்தது.

“புது நாண்ல அப்படித்தான்,” என்றார் எம்மட், சற்று அவசரமாக.

ஆர்லின் அம்பு தாங்கியை இம்மியளவு நகர்த்திவிட்டு மறுபடி விட்டார். அதே கிழிசல். எதிர்ப்பக்கம் நகர்த்தினார். அதே கிழிசல். இதே அம்பும் இதே முனையும் இந்த வில்லில் எத்தனையோ வருஷம் நேராகப் போனவை. நாணின் ஓசையும் ஏனோ சோம்பலாகக் கேட்டது. வில்லைத் திருப்பி, அதன் இரண்டு கைகளையும் பிடித்து, இழுவையைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் போல்ட்டுகளைப் பார்த்தார். இத்தனை நாள் உள்ளே மறைந்திருந்த மரை, தூசி படாமல் பளபளவென்று வெளியே தெரிந்தது.

“எத்தனை சுத்து தளர்த்தின?”

“உன் காபி ஆறுது.”

“எம்மட்.”

“தளர்த்தினேன். இப்ப என்ன? நாப்பது பவுண்டுலயும் மான் விழும். உனக்குத் தெரியாததா?”

“நான் என்ன குழந்தையா, மிட்டாயைக் காட்டி ஏமாத்த? தோள் வந்துருச்சுன்னு குதிச்சேன், நீயும் பாத்துக்கிட்டே நின்ன!”

“சொல்லிட்டுச் செஞ்சா நீ விட்டிருப்பியா? குறுக்குவில் வாங்கிக்க, தோள் வேணாம், விசையைத் தட்டினாப் போதும்னு சொன்னதுக்கு, துப்பாக்கிக்குக் கவுன் மாட்டின மாதிரி இருக்குன்னவன் நீ.”

“அது அப்படித்தான் இருக்கும்!”

“அப்ப ஒரு கேமராவை எடுத்துட்டுப் போய் மரத்துல உக்காரு.” எம்மட்டின் முகம் சிவந்துவிட்டது. “அந்த அறுபது பவுண்டு உன் தோள் இல்லடா, உன் திமிரு.” தொப்பியை எடுத்துக்கொண்டு வண்டியேறிப் போய்விட்டார்.

ஆர்லின் போல்ட்டுகளை மறுபடி முறுக்கத் தீர்மானித்தார். போல்ட்டைத் திருகும் எல்-கீயைத் தேடினார். அது எம்மட்டின் சட்டைப் பையோடு போயிருந்தது. வேறு வழியில்லாமல் அலமாரியின் மேல்தட்டிலிருந்த மாரிட்டின் தகரப் பெட்டியை இறக்கினார். பழைய மீன்பிடிப் பெட்டி அது. மாரிட் பராமரிப்பு இல்லத்துக்குப் போனபிறகு அதை அவர் திறந்ததில்லை. பெட்டியின் மேல் அடுக்கிலேயே இன்னொரு எல்-கீ இருந்தது. போல்ட்டைப் பழைய இடத்துக்கே முறுக்கி, இழுத்தார்.

வலியில் கண் இருட்டியது. வில்லை மெல்லக் கீழே வைத்துவிட்டு, கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்தார். நாற்பது வருஷம் தன் உடம்பு தன்னிடம் பொய் சொன்னதில்லை. இப்போதும் அது பொய் சொல்லவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. ஆற்றங்கரையில் இந்நேரம் மூடுபனி இறங்கத் தொடங்கியிருக்கும். எதிர்மரம் காலியாக நிற்கும். அவருடையதும்.

கீயைத் திருப்பி வைக்கப் பெட்டியை இழுத்தபோது கீழ்த்தட்டில் ஒரு கைக்குட்டை முடிச்சு கனத்தது. அவிழ்த்தார். பித்தளைப் பயிற்சி முனைகள். அவருடைய எஃகு முனைகளைவிட இரண்டு பங்கு கனம். பக்கத்தில், அதே கனத்தில் தேடித் தேடி வாங்கிய வேட்டைக் கத்திமுனைகள், தனித் தனிக் குழிகளில்.

மாரிட்டின் சின்ன வில்லையும் இந்த முனைகளையும் அவர் எத்தனை கேலி செய்திருக்கிறார்!

“கொசு வில்லுக்கு இவ்வளவு பெரிய மூக்கா மாரிட்? அம்பு மதியச் சாப்பாட்டுக்கு நின்னுட்டுப் போகுமே!”

“போகட்டும். உன்னுது என்ன, சாப்பிடாமலே வழி தவறிப் போகுது. எனக்கு வேகம் வேணாம், நேராப் போனா போதும்.”

ஆர்லின் ஒரு முனையை உள்ளங்கையில் உருட்டிக் கனம் பார்த்தார். வில்லின் பலம் குறைந்தால் அம்பின் தண்டு அதற்கு வளையாமல் விறைத்து நிற்கும், வால் ஆடும். முன்னால் கனம் ஏறினால் தண்டு வேண்டிய அளவு வளைந்து கொடுக்கும். இது அவருக்குத் தெரிந்த கணக்குதான். பலம் குறைந்தது தன் வில்லாக இருக்கும் என்றுதான் அவர் நினைக்கவில்லை.

எழுந்தார். எம்மட் தளர்த்திய அளவுக்கே போல்ட்டுகளைத் தன் கையால் தளர்த்தினார். எஃகு முனையைக் கழற்றிப் பித்தளையை மாட்டினார். புதுத் தாள் ஒட்டினார். விட்டார்.

ஒரு துளை. மூன்று சிறு கோடுகள்.

மறுநாள் காலை வண்டிக் கதவைத் திறந்தால், இருக்கை நிறைய, வெள்ளரி போல நீண்ட சுக்கினிக் காய்கள். எங்கள் ஊரில் யாரும் வண்டியைப் பூட்டுவதில்லை, ஆகஸ்ட்டில் தவிர. தோட்டத்தில் மிஞ்சிய சுக்கினியை அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து திணித்துவிடுவார்கள் என்ற பயம்தான். முந்தின இரவு ஆர்லின் பூட்ட மறந்திருந்தார். காய்களின் உச்சியில் அவருடைய எல்-கீ கிடந்தது.

ஆர்லின் நேரே எம்மட் வீட்டுக்கு ஓட்டிப்போனார்.

“இது மன்னிப்பா, பழிவாங்கலா?”

“ரெண்டும்,” என்றார் எம்மட் வாசலில் நின்றபடி. “உங்கிட்ட சொல்லியிருக்கணும். என் பொண்டாட்டியும் நேத்து ராத்திரி பூரா அதைத்தான் சொன்னா.”

“நீ சொல்லியிருந்தா உன்னைத் துரத்தியிருப்பேன். நல்லது செய்யறவனுக்கு நான் வாசலைக் கொஞ்சம் அகலமா வெச்சிருக்கணும். வா, தட்டு மாட்டணும். எனக்குக் கண்ணாடி போட்டும் ஓட்டை தெரியல.”

வேகம் குறைந்ததால் அம்புகள் முதலில் தாழ விழுந்தன. குறி ஊசியை இறக்கினார்கள். கத்திமுனைகள் பித்தளையிலிருந்து ஒரு கை அகலம் விலகி விழுந்தன. தாங்கியை இம்மி இம்மியாக நகர்த்தினார்கள். ஆர்லின் ஓர் அம்பு விட்டதும் எம்மட் வில்லை வாங்கிக்கொள்வார். தோள் ஆறும்வரை இருவரும் வாளிகளில் உட்கார்ந்து எம்மட் மனைவி அனுப்பிய சுக்கினி ரொட்டியைத் தின்பார்கள். சனிக்கிழமை மாலை எம்மட் பொதியருகே போய் நின்று தொப்பியைக் கழற்றினார்.

“ஆறும் உள்ள இருக்குடா கெழவா.”

ஆர்லின் பொதிவரை நடந்துபோனார். தட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு. இல்லத்தின் ஜன்னலோரம் மாரிட் உட்கார்ந்திருந்தார். ஆர்லினைக் கண்டதும் வழக்கம்போல வெளியே பார்த்தார், இரண்டு விரலைக் கண்ணருகே வைத்தார்.

ஆர்லின் இம்முறை தலையாட்டவில்லை. கோட்டுக்குள்ளிருந்து தட்டை எடுத்து மாரிட்டின் மடியில் வைத்தார். மாரிட்டின் இடதுகை விரல் ஒவ்வொரு துளையாகத் தொட்டுப் பார்த்தது. மூன்று உருண்டைத் துளை, மூன்று கத்தி வெட்டு. பிறகு ஆர்லின் பாக்கெட்டிலிருந்து பித்தளை முனையை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தார்.

மாரிட் அதைக் கனம் பார்த்தார். கணவரின் முகத்தைப் பார்த்தார். திரும்பவும் முனையைப் பார்த்தார்.

“ஆமா,” என்றார் ஆர்லின். “மதியச் சாப்பாட்டுக்கு நின்னுட்டுத்தான் போகுது. ஆனா நேராப் போகுது.”

மாரிட்டின் உதடு ஒரு பக்கம் மட்டும் மேலேறியது. தோள்கள் குலுங்கின. சத்தமே வராத அந்தச் சிரிப்பை ஆர்லின் பார்த்து இரண்டு வருஷமாகியிருந்தது. பள்ளத்தின் எதிர்ப்பக்கமிருந்து எத்தனை விடியல்களில் பார்த்த சிரிப்பு அது. ஆர்லின் முன்னால் குனிந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

மாரிட் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

அசையாதே. வருது.

ஆர்லின் வாயை மூடிக்கொண்டார். நாற்காலியில் முதுகைச் சாய்த்து, கைகளை மடியில் வைத்து, மரத்தின்மேல் இருப்பதுபோலவே மூச்சைத் தணித்து உட்கார்ந்தார். சாப்பாட்டுத் தட்டோடு உள்ளே வந்த பணிப்பெண், இருவரும் ஜன்னலுக்கு அப்பால் அப்படி எதைப் பார்க்கிறார்கள் என்று தானும் எட்டிப் பார்த்தாள். வண்டிகள் நிறுத்தும் இடமும் அதன் ஓரத்தில் புல்லும் மட்டுமே இருந்தன. அவள் ஒன்றும் கேட்காமல், தட்டைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிட்டு, கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனாள்.