விமானத்துக்குப் போடுற சரக்கு

தினகரன் வேனை என் பட்டறைக்குள் விடுவதற்கு முன்பே நாற்றம் உள்ளே வந்துவிட்டது. வெயிலில் மூன்று நாள் கிடந்த மத்தி நாற்றம். தூ, குடித்த டீ வெளியே வந்துவிடும் போலிருந்தது.

"பசங்க வாந்தி எடுக்குது பாய். நாத்தம் உள்ள வர்ற ஓட்டை இன்னும் ஒண்ணு எங்கியோ இருக்கு. அந்த ஏரோப்ளேன் பேஸ்ட்டு ஒரு டியூப் குடேன், அடச்சிடறேன்" என்றான்.

குப்பத்துக்காரன். விடியற்காலையில் ஐஸ் பெட்டியும் மீனும் ஏற்றிக்கொண்டு பொன்னேரிக்குப் போவான். திரும்பி வந்து கழுவிவிட்டு, எட்டு மணிக்கு அதே வண்டியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவான். இந்த மாதம்தான் ஆரம்பித்தான். ஒன்பது பிள்ளைகள். அதில் ஒருத்தி என் மகள் தஹ்சீன்.

தரை விரிப்பைத் தூக்கினேன். ச்சீ. இரண்டு விரல் ஆழத்துக்குக் கறுப்புத் தண்ணீர், செதிள், இறால் தலை, நடுவே நெளியும் புழு. தண்ணீர் இறங்குவதற்கென்றே வண்டித் தரையில் நான்கு துளை உண்டு. நான்கையும் இந்தப் புண்ணியவான் அடைத்திருந்தான். அடைத்தது நான் கொடுத்த சரக்கு. கதவோரம் மழைத்தண்ணீர் ஒழுகுகிறது என்று கேட்டானே என்று சென்னையில் வாங்கி வந்து கொடுத்தேன். விமானத்தின் எரிபொருள் டேங்கையே ஒழுகாமல் அடைக்கிற பேஸ்ட். உளி வைத்தாலும் பெயரவில்லை.

"அறிவு இருக்காடா? தண்ணி போற ஓட்டைய எவனாவது அடைப்பானா?"

"இன்னா பாய் இப்படிக் கேக்கற? போட்டுல ஓட்டைய பாத்தா வுட்டு வைப்போமா?"

இவனுக்குப் படகும் வேனும் ஒன்று. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. கரையேறியதும் உப்பு அரிக்காமலிருக்க, படகு எஞ்சினில் இரும்பைக் கண்ட இடத்திலெல்லாம் எண்ணெய் அடிப்பது இவர்கள் வழக்கம். அவசரமாகப் பின்சக்கரத்தைக் கழற்றி டிரம்மை எடுத்தேன். பிரேக் ஷூ, சட்டியிலிருந்து எடுத்த வடை மாதிரி எண்ணெய் சொட்டியது.

"இதுக்குமாடா அடிச்ச?"

"தெனமும் அந்த எண்ண டின்னோட குழாய சக்கரத்துக்குள்ள வுட்டு அடிக்கறேன். உப்புத்தண்ணி படற வண்டி இல்ல?" குரலைத் தாழ்த்தினான். "முந்தாநாளு எரும குறுக்க வந்துச்சு. பிரேக்கு புடிக்கல. ரோட்டோர மண்ணுல ஏத்தி நிறுத்தினேன். பசங்களுக்கு ஒண்ணும் ஆவல. பாப்பா சொல்லலியா? நான்தான் சொல்லாதனு சொன்னேன், நீ பயந்துடுவனு."

அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். அவன் திமிறவில்லை.

"அந்த டின்ன நீதான பாய் குடுத்த? இரும்புனு இருந்தா அடி, துரு அண்டாது, ஏரோப்ளேனுக்கே இதான்னு நீதான சொன்ன?"

சொன்னேன். டீக்கடையில் நாலு பேர் கேட்கிறார்கள் என்ற மிதப்பில் சொன்னேன். பிரேக்கில் மட்டும் படக்கூடாது என்று ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. டின்னில் எழுதியிருந்ததை நானே படித்துப் பார்த்ததில்லை. என் மேலேயே எனக்குக் குமட்டியது.

சட்டையை விட்டுவிட்டுச் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். "வண்டி இங்கியே நிக்கட்டும். வா, ஒம்போது வீட்டுக்கும் போயி இன்னா நடந்துச்சுனு சொல்லணும்."

"தப்பு எம்மேலனு சொல்லிடறேன் பாய்" என்றான் பாவி.

"வாய மூடிக்கினு வா. நான் சொல்றேன்."

முதலில் என் வீட்டுக்குத்தான் போனோம். தஹ்சீன் கதவைத் திறந்தாள். என் பக்கம் திரும்பவேயில்லை. தினகரனைப் பார்த்து, "நான் அத்தாகிட்ட ஒண்ணுமே சொல்லல அங்கிள்" என்றாள்.