உயிரோடிருப்பவனின் தொப்பி

காலையில் காப்பி குடிக்கும்போதே எர்ரமுன் முடிவு செய்துவிட்டார். இனிமேல் யார் தொப்பியும் வேண்டாம். போப்பாண்டவரே நேரில் வந்து நீட்டினாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. இதை மனைவி உர்சுலாவிடம் சொல்லவும் சொன்னார்.

உர்சுலா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க. அப்புறம் ரொட்டிக்கடைக்காரி வந்து மூக்கை உறிஞ்சினா. புருஷன் தொப்பி, மாமனார் தொப்பி, செத்துப்போன கொழுந்தன் தொப்பின்னு வரிசையா வாங்கி மாடியில மாட்டினீங்க" என்றாள்.

"இந்தத் தடவை நிஜமாச் சொல்றேன்."

"சொல்லுங்க, சொல்லுங்க. வாய்க்கு என்ன, வாடகையா?"

ஆரம்பத்தில் அவர் ஆசையாகத்தான் சேர்த்தார். காகித ஆலையில் வேலை பார்த்த காலத்தில், சனிக்கிழமைச் சந்தைக்கு வரும் மலைக்காரன் எவன் தலையிலாவது அகலமான பழைய பெரே தொப்பியைப் பார்த்துவிட்டால் போதும், அவன் பின்னாலேயே போய், ஆப்பிள் மது வாங்கிக் கொடுத்து, பேசிப் பேசியே கேட்டு வாங்கிவிடுவார். அன்றாடம் போடும் கறுப்பு, ஞாயிற்றுக்கிழமை நீலம், திருவிழாச் சிவப்பு, மலைக்கு அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் போடும் குட்டை ரகம், மரம் வெட்டும் போட்டியில் ஜெயித்தவனுக்குப் பெயரும் வருஷமும் தைத்துக் கொடுக்கும் பெரிய தொப்பி என்று எல்லாம் அவரிடம் இருந்தன. தெரியாதவன் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். கம்பளியில் ஒரு வட்டம், நடுவில் சின்னதாக ஒரு காம்பு. எர்ரமுனுக்கோ ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் உண்டு. கண்ணைக் கட்டிவிட்டாலும் தடவிப் பார்த்தே யாருடையது என்று சொல்லிவிடுவேன் என்பார். பல தடவை சொல்லிக் காட்டி, பந்தயத்தில் வாங்கிக் குடித்தும் இருக்கிறார்.

பிறகுதான் சனியன் பிடித்தது. கொல்லன் செத்துப்போனபோது அவன் மனைவி தொப்பியை எடுத்துக்கொண்டு இவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். செத்தவன் தொப்பியை இந்த ஊரில் யாரும் போட மாட்டார்கள். எரிக்க மனசு வராது, குப்பையில் போடக் கை வராது. காலமெல்லாம் ஒரு மனுஷன் தலையில் இருந்தது, கழற்றி மேசைமேல் வைத்தாலும் அவன் மண்டை மாதிரியே உட்கார்ந்திருக்கும். எத்தனை நாள் அதன் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவது? "எர்ரமுன்கிட்ட கொடுத்திடு, பத்திரமா வச்சுக்குவாரு" என்று யாரோ சொல்ல, அதுவே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொருத்தராக வந்து அவர் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். இப்போதெல்லாம் கோயில் மணி சாவுக்கு அடித்தால் மற்றவர்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள். எர்ரமுன் ஆணியும் சுத்தியலும் தேடுவார்.

வாங்கினால் மட்டும் போதுமா? வந்தவள் உட்கார்ந்து அழுவாள், அதைக் கேட்க வேண்டும். பூச்சி அரிக்காமல் அந்துருண்டை போட வேண்டும், தூசு தட்ட வேண்டும். மாடிக்குப் போனால் கல்லறைக்குப் போனது போல் இருந்தது. போதாததற்குக் குளிர்காலத்திலிருந்து தலைவலி வேறு. நெற்றியைச் சுற்றி ஓர் இறுக்கம். மருத்துவர் ரத்த அழுத்தம் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். எர்ரமுனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. செத்தவர்கள் எல்லாரும் சேர்ந்து தன் மண்டையை அழுத்துவதாகவே நினைத்துக்கொண்டார்.

அன்று தூறல் விழுந்துகொண்டிருந்தது. உர்சுலா கறுப்பு மொச்சையை அடுப்பில் ஏற்றிவிட்டுப் பின்பக்கம் போன நேரம், அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் மத்தலென் நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பையின் வடிவத்தைப் பார்த்ததுமே உள்ளே என்ன என்று எர்ரமுனுக்குத் தெரிந்துவிட்டது. மத்தலெனின் புருஷன் லோஞ்சோ அவருடைய பால்ய சிநேகிதன்.

"சாவு மணி அடிக்கலையே... லோஞ்சோ..."

"இருக்காரு அண்ணே. நல்லாச் சாப்பிடறாரு. என்னைவிட நல்லாத் தூங்கறாரு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து மத்தலென் நாற்காலியில் சரிந்தாள். ஈரக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பையை மேசைமேல் வைத்து அவர் பக்கம் தள்ளினாள். "இதை வச்சுக்கங்க."

"உயிரோட இருக்கறவன் தொப்பிய நான் எப்படிம்மா வாங்குவேன்? அதைக் கொண்டுபோய் அந்த மாடியில செத்தவங்களோட மாட்டினா என்ன அர்த்தம்?"

"என்ன அர்த்தமோ அதேதான்."

எர்ரமுன் பையைத் தொடவில்லை. லோஞ்சோ முதியோர் இல்லத்துக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. அதற்கு முன்பே அடுப்பை அணைக்க மறந்தார், தான் பிறந்த தெருவிலேயே வழி தெரியாமல் நின்றார். இதெல்லாம் ஊரறிந்த விஷயம்.

"தினமும் போறேன். தினமும் யாரும்மா நீங்கன்னு கேட்கறாரு. சரி, மரியாதையாவாவது கேட்கறாரேன்னு பொறுத்துக்கிட்டேன்" என்றாள் மத்தலென். "நேத்து குளிருதேன்னு இதைத் தலையில வச்சுவிட்டேன். எடுத்து சூப்புல போட்டாரு. 'என்னோடது இல்ல, என்னோடது இல்ல'ன்னு ஒரே பாட்டு. குளிர்காலத்துலேர்ந்து இதே பாட்டுதான். எங்க கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து தலையில இருக்கற தொப்பி. அதையே தெரியலேன்னா நானெல்லாம் எந்த மூலை?"

"வியாதிம்மா. அவன் என்ன செய்வான்?"

"நான் மட்டும் என்ன செய்வேன்? எனக்கு முடியல அண்ணே. நாளையிலேர்ந்து நான் போகப்போறதில்ல. கடலோரத்துல தங்கச்சி வீடு இருக்கு. அங்க போய் நல்லாத் தூங்கப்போறேன். யாரோ ஒருத்தி வந்தா என்ன, வராட்டி என்ன, அவருக்கு எல்லாம் ஒண்ணுதான். அங்க நர்சுங்க பார்த்துக்குவாங்க." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "தப்புன்னு நினைச்சா சொல்லுங்க. ஆனா நீங்க ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வந்து பார்த்தீங்களா?"

எர்ரமுன் பார்க்கவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டதுதான். செத்தவர்களுக்கே நேரம் போதவில்லை என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டார். உண்மையில் பயம்.

ஆண்கள் கூடிச் சமைத்துச் சாப்பிட்டுச் சீட்டாடும் சங்கத்தில் லோஞ்சோவும் அவரும் பிரியாத ஜோடி. லோஞ்சோ உதட்டைக் கடித்தால் கையில் ராஜா இருக்கிறது, நாக்கு நுனியைக் காட்டினால் ஏஸ் சீட்டு இருக்கிறது. ஆட்டத்தில் ஜோடிக்காரனுக்கு இப்படிச் சைகை காட்டலாம், எதிராளி பார்க்காமல் காட்ட வேண்டும், அவ்வளவுதான். போன குளிர்காலத்தில் ஒருநாள் லோஞ்சோ இல்லாத ராஜாவுக்கெல்லாம் உதட்டைக் கடித்தார். தோற்றதும் சீட்டை வீசிவிட்டு, சுவரில் வரிசையாகத் தொங்கிய கறுப்புத் தொப்பிகளில் ஒன்றை இழுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வந்து, "இது என்னோடது இல்லடா" என்றார்.

எல்லாரும் எர்ரமுனைத்தான் பார்த்தார்கள். வேறு யாரைப் பார்ப்பார்கள்? எர்ரமுன் எழுந்து, வித்தைக்காரன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு தொப்பியைத் தடவினார். நன்றாகப் பழகிய தொப்பி, சந்தேகமே இல்லை என்று கை சொன்னது. "உன்னோடதுதான்டா. தொப்பி மாறல, தலைதான் மாறியிருக்கு. போய்த் தேடு" என்றார். சங்கமே சிரித்தது. லோஞ்சோ சிரிக்கவில்லை. அதற்கப்புறம் அவர் சங்கத்துப் பக்கமே வரவில்லை.

பின்பக்கத்திலிருந்து வந்த உர்சுலா மத்தலெனின் தோளைத் தொட்டாள். பையிலிருந்த தொப்பியை எடுத்து, "அடக் கடவுளே, சூப்பு காய்ஞ்சு போயிருக்கே. இப்படியே விட்டா நாத்தமடிக்கும்" என்று சன்னல் பக்கம் கொண்டுபோனாள். உள்பக்கத்தைத் திருப்பி, விளிம்பில் ஓடும் தோல் பட்டையை விரலால் நெம்பினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"இது என் தையல்."

"எது?" என்றார் எர்ரமுன்.

"இந்த நீல நூல். சங்கத்துல மாறிடக்கூடாதுன்னு உங்க தொப்பியில நான் போட்டது. என் தையல் எனக்குத் தெரியாதா? இது உங்க தொப்பி."

"உளறாதே. என் தொப்பி என் தலையில இருக்கு."

உர்சுலா நேராக வந்து அவர் தலையில் இருந்ததை உருவினாள். தேவாலயத்திலும் சங்கத்திலும் படுக்கையிலும் தவிர அந்தத் தலையை விட்டு இறங்காத தொப்பி அது. திருப்பிப் பட்டையைப் பிரித்ததும், மடித்து மடித்துத் தட்டையாகிப்போன ஒரு செய்தித்தாள் துண்டு கீழே விழுந்தது.

மத்தலென் குனிந்து அதை எடுத்தாள். பந்தாட்டச் செய்தி. "அவருக்குச் சின்னத் தலை. கடையில சரியான அளவு கிடைக்காது, பேப்பர் மடிச்சு வச்சுக்குவாரு" என்றாள் மெதுவாக. "எப்பவும் பந்தாட்டப் பக்கம்தான். மத்த பக்கத்தையெல்லாம் தலையில தூக்கி வைக்கற அளவுக்கு ஒண்ணும் இல்லேம்பாரு."

"ரத்த அழுத்தமாம்! மாத்திரையாம்!" என்றாள் உர்சுலா புருஷனைப் பார்த்து. "அடுத்தவன் தொப்பிய மாட்டிக்கிட்டு ஆறு மாசமா டாக்டருக்கு அழுதிருக்கீங்க. இதுல கண்ணைக் கட்டிட்டுச் சொல்வாராம்!"

எர்ரமுனுக்கு ரோஷம்கூட வரவில்லை. அன்று சங்கத்தில் கை பொய் சொல்லவில்லை என்பது இப்போதுதான் புரிந்தது. பழகிய தொப்பிதான். அவருடையதே. முந்தின இரவு சுவரில் மிச்சமிருந்த லோஞ்சோவின் தொப்பியை இவர் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ஊர் முழுக்க இருக்கும் தொப்பிகளைத் தெரிந்து வைத்திருந்தவர், தன் தொப்பியின் உள்பக்கத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

மத்தலென் சிரிக்கவில்லை. பேப்பர் துண்டை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவரு சொன்னது நிஜம்" என்றாள். "இத்தனை நாளும் அந்த ஒரு விஷயத்துல அவரு நிஜத்தைத்தான் சொல்லியிருக்காரு. நான்தான் நம்பல. நேத்து கத்தினேன் அண்ணே. கையில அடிச்சுப்புட்டேன்."

அடுப்பில் மொச்சை கொதித்துக்கொண்டிருந்தது. கடைசியில் எர்ரமுன்தான் எழுந்தார்.

"வாம்மா, போகலாம்" என்றார்.

சூப்புப் பிடித்த தன் தொப்பியைப் போட முடியாது. மழையில் வெறுந்தலையோடு தெருவில் நடப்பதை இந்த ஊர்க்காரன் கனவில்கூடச் செய்ய மாட்டான். மாடியில் இருப்பதெல்லாம் செத்தவர்களுடையது; சந்தையில் கேட்டு வாங்கியவற்றின் சொந்தக்காரர்களும் இதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனவே லோஞ்சோவின் தொப்பியையே மறுபடியும் மாட்டிக்கொண்டார். பேப்பர் துண்டை உர்சுலா பழைய மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்துக் கொடுத்தாள். பாலத்தைத் தாண்டி இல்லத்துக்குப் போவதற்குள் மத்தலெனுக்கும் அவருக்கும் மூச்சு வாங்கியது. நெற்றி இறுகி இறுகி வலித்தது. வலிக்கட்டும் என்று நடந்தார்.

லோஞ்சோ சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இளைத்துப் போயிருந்தார். தொப்பி இல்லாத அந்த வழுக்கைத் தலையைப் பார்க்க எர்ரமுனுக்குத் தாங்கவில்லை, யாரோ அவரை அம்மணமாக உட்கார வைத்துவிட்டது போல் இருந்தது. கிட்டே போய் நின்றார். லோஞ்சோ அவர் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒன்றுமே இல்லை. பிறகு கண்கள் மேலே போயின.

அவ்வளவுதான். லோஞ்சோ எழுந்தார். கையை நீட்டி, எர்ரமுன் தலையிலிருந்து தொப்பியை வெடுக்கென்று பிடுங்கினார். பட்டைக்கு அடியில் கட்டைவிரலை விட்டுத் தடவினார். பேப்பர் தட்டுப்பட்டதும் தலையை ஆட்டிக்கொண்டார். மாட்டி, இடது பக்கம் இழுத்துவிட்டு, முன்னால் ஒரு கிள்ளு கிள்ளிச் சரி செய்தார்.

"திருட்டுப் பயலே" என்றார். "எத்தனை நாளாத் தேடறேன் தெரியுமா?"

"ஆமாண்டா. என் தப்புதான்."

"நீ யாரு?"

"எர்ரமுன்."

லோஞ்சோ யோசித்தார். "எனக்கும் ஒரு எர்ரமுனைத் தெரியும். தொப்பி விஷயத்துல பெரிய புலி. ரொம்பப் பீத்திக்குவான், ஆனா ஆள் கெட்டிக்காரன். அவன்கிட்ட கேட்டிருந்தா ஒரே நிமிஷத்துல சொல்லியிருப்பான்."

எர்ரமுன் மழை வடியும் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

லோஞ்சோ இப்போது மத்தலெனைப் பார்த்தார். கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவளைக் கிட்டே வரும்படி கையைக் காட்டினார்.

"ஏம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். தொப்பி தொலைஞ்சதை எங்க வீட்டுக்காரிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. பாவம், அவளுக்கு ஏற்கெனவே தூக்கமில்ல."

மத்தலென் ஈரக் கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டாள். அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"சொல்லல" என்றாள்.

"அவ வருவாளா?"

"நாளைக்கு வருவா."