படுத்துக் கிடந்த கோடு

விளக்கு ஏற்றக் கூடாத அறை. கிழக்கு வெளுத்ததும் கற்பகம் புஸ்வாணக் கூடுகளில் வெடிமருந்து செலுத்தத் தொடங்கினாள். அலுமினியப் பவுடர் நகக்கண்ணில் ஏறியது. மூக்கில் ஏறியது. துப்பினால் எச்சில் வெள்ளியாக விழுந்தது. வீட்டில் சோற்றை வாயில் வைத்தாலும் அந்த ருசிதான்.

வாசல் மணலில் வெறுங்கால் வைக்க முடியாமல் சுட்டால் மருந்தைத் தொடக் கூடாது. அது எங்கும் எழுதி வைத்ததல்ல. புதுப்பட்டிப் பெண்கள் தாமாகக் கையெடுத்துவிட்டு, வேப்பமரத்தடிக்குப் போய்ப் பெட்டி ஒட்டுவார்கள்.

அன்றும் மணல் சுட்டது. எழுந்தார்கள். ஆபீசுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

முதலாளி வெள்ளைத்துரை ஆளுக்கொரு கலர் சோடா உடைத்துக் கொடுக்கச் சொன்னார். கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்திருந்த மகன் அருள்பாண்டி லேப்டாப்பைத் திருப்பி வைத்தான்.

“ஒவ்வொரு புள்ளியும் ஒரு மாசம்க்கா. கீழ வெயில். பக்கவாட்டுல, நம்ம கம்பெனியில எத்தன தடவ தீப்பிடிச்சதுன்னு கணக்கு. எல்லாப் புள்ளிக்கும் முடிஞ்ச மட்டும் பக்கத்துல போற மாதிரி ஒரு கோடு. இதுக்குப் பேரு ரிக்ரெஷன். வெயில் ஏற ஏறத் தீயும் ஏறுனா கோடு மேல போகணும். பாருங்க, படுத்துக் கிடக்கு. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல.”

“அதனால?” என்றாள் கற்பகம்.

“சீசன் முடியிற வரைக்கும் உச்சி வெயில்லயும் நிறுத்தாம மருந்து செலுத்தலாம்.”

கற்பகம் குடிக்கவில்லை. கலரை மேசை மேலேயே வைத்தாள்.

பக்கத்தில் நின்ற சொர்ணலட்சுமி சிரித்தாள். “சூட்டுல நாங்க தொட்டாத்தான தம்பி அது பிடிக்கும்? நாங்க கையெடுத்ததுக்கெல்லாம் புள்ளி வச்சிருக்கீக.”

அருள்பாண்டி அப்பாவைப் பார்த்தான். “வெயில் ஏறுனா நிறுத்திருவாங்கன்னு நீங்க சொல்லவே இல்லையேப்பா?”

“நீ கோட்டக் காட்டு. மத்தத நான் பாத்துக்கிடுதேன்.”

அப்படியானால் அவருக்குத் தெரியும். வெள்ளைத்துரையும் ஒரு காலத்தில் மருந்தறையில் உட்கார்ந்தவர்தான். அவருடைய வலது காது வெந்து சுருங்கி, தலையோடு ஒட்டிக் கிடந்தது.

“ஒங்க காது எந்த நேரத்துல வெந்துச்சு மொதலாளி?” என்றாள் கற்பகம்.

அவர் அந்தக் காதைத் தொட்டுக்கொண்டார். “லோடு போகணும். மருந்துக்கு உக்காரப் பிடிக்காதவ நாளைலருந்து வர வேண்டாம். தாயில்பட்டியில ஆளா இல்ல?”

மகன் லேப்டாப்பை மூடினான்.

கற்பகம் வெளியே நடந்தாள். பெண்கள் அவள் பின்னால் வந்தார்கள். மற்ற அறைகளிலிருந்தவர்களும் விஷயம் கேட்டு எழுந்து வந்தார்கள். கேட்டுக்கு வெளியே, சுவரோரம் கிடைத்த நிழலில் ஒண்டினார்கள். கேட் சாத்தப்பட்டது. ஒருத்தி அடுத்த வாரச் சீட்டுப் பணத்தை நினைத்து அழுதாள். யாரும் அவளைத் தேற்றவில்லை. எல்லாருக்கும் சீட்டு இருந்தது.

உச்சி சாய்ந்த பிறகு தாயில்பட்டிப் பெண்களை ஏற்றிக்கொண்டு வேன் வந்தது. ஜன்னலில் மாரித்தாயின் முகம். கற்பகத்தின் நாத்தனார்.

“என்ன மதினி, வெளிய உக்காந்திருக்கீக?”

“இந்த வெயில்ல மருந்து செலுத்தச் சொல்லுதாக. மாட்டோம்னுட்டோம்.”

“எங்ககிட்ட பெட்டி ஒட்டுற வேலைன்னுல்ல சொன்னாக.”

மாரித்தாய் கதவைத் திறந்து இறங்கினாள். பின்னால் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். கேட் பக்கம் ஒருத்தியும் போகவில்லை. சுவரோரம் உட்கார்ந்தவர்கள் நெருங்கி இடம் விட்டார்கள்.

டிரைவர் தலையைச் சொறிந்தான். “நான் மொதலாளிகிட்ட என்னன்னு சொல்ல?”

“ஆளு எறங்கிருச்சுன்னு சொல்லு” என்றாள் மாரித்தாய். “எங்கன எறங்குச்சுன்னு அவுகளே வந்து பாக்கட்டும்.”