கட்டிலுக்கு அடியில் இரும்பு மூடி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள். அந்த வாயைக் கொடுத்துத்தான் இப்போது வசமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

தெருக்கோடியில் ஒரு காலி மனை கிடந்தது. அதில் ஒன்பது மாடிக் குடியிருப்பு வரப்போகிறது என்று பலகை நட்டார்கள். பலகையில் இருந்த படத்தில் மரம் இருந்தது, புல்வெளி இருந்தது, நாய்க்குட்டியோடு ஒரு குடும்பம்கூட இருந்தது. எங்கள் தெருவை மட்டும் காணவில்லை. அன்றிலிருந்து இங்கே ஒருவருக்கும் தூக்கம் இல்லை. தண்ணீர் போய்விடும், வெளிச்சம் போய்விடும், லாரி வந்து வந்து சுவரெல்லாம் விரிசல் விடும் என்று ஆளுக்கு ஒரு புலம்பல். கடைசியில் கணக்கு சார் தன் மொட்டைமாடியில் கூட்டம் போட்டார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். தெருச் சங்கத்தின் தலைவரும் அவர்தான், வேறு யாரும் அந்தப் பதவிக்கு ஆசைப்படாததால்.

கட்டுகிறவர்கள் தரப்பில் ஒரு இன்ஜினியர் வந்திருந்தார். என்ன கேட்டாலும் சிரித்தார். தண்ணீரா, நாங்கள் தனியாக ஆழ்துளைக் கிணறு போடுகிறோம். தூசியா, பச்சை வலை கட்டுகிறோம். எல்லாவற்றுக்கும் பதில் வைத்துக்கொண்டு ஒருத்தர் சிரித்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். எழுந்துவிட்டேன்.

"தம்பி, ஆம்புலன்சே நுழையாத தெரு இது. இதுல ஒன்பது மாடிக்கு எப்படிப்பா வண்டி வரும்?"

சிரிப்பு நின்றது. நான் எதைச் சொல்கிறேன் என்று எல்லோருக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரர் மோட்டார் மெக்கானிக். அந்தக் காலி மனையில்தான் வண்டிகளை நிறுத்தி வேலை பார்ப்பார். ஒருநாள் அங்கேயே சுருண்டு விழுந்தார். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் தெரு நடுவில், எங்கள் வீட்டுக்கும் எதிர்வீட்டுக் கார் ஷெட்டுக்கும் இடையில் சிக்கிக்கொண்டது. டிரைவர் முன்னே போகிறார், பின்னே வருகிறார், வண்டி அசைய மாட்டேன் என்கிறது. ஷெட்டின் தகரம் வண்டியின் மேல் கிரீச்சென்று உரசிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கடைசியில் அவரை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி வந்தார்கள். கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கலாமே என்றார் டாக்டர். இடது கையும் காலும் போனது போனதுதான். அன்றிலிருந்து ஷெட்டுக்காரர் முகத்தில் நான் விழித்ததில்லை. அவர் எதிரே வந்தால் சத்தமாகக் காறித் துப்புவேன். அப்படியும் என் ஆத்திரம் அடங்கியதில்லை.

கூட்டத்தில் நான் சொன்னதைக் கணக்கு சார் பிடித்துக்கொண்டார். இவ்வளவு உயரத்துக்குக் கட்ட வேண்டுமென்றால் தெரு இவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறதாம்.

"அம்மா சொன்ன ஒரு பாயின்ட் போதும். ரோட்டை வந்து அளங்கன்னு மனு குடுப்போம். முதல் கையெழுத்து அம்மாவோடது."

கை தட்டினார்கள். நானும் தலைகால் தெரியாமல் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கதையை அளந்தேன். என் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நாக்கு இழுத்துத்தான் பேசுவார்.

"ரோட்டையா அளக்கச் சொன்னே?"

"ஆமா. அளக்கட்டும். அப்பத்தான் அவனுங்க கொட்டம் அடங்கும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூக்கம் வந்துவிட்டது போல என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பெருக்குவதற்காகக் கட்டிலை இழுத்தபோது மூடி கண்ணில் பட்டது. வட்டமான இரும்பு மூடி, தெருச் சாக்கடையுடையது. தினமும் பார்க்கிற மூடிதான். அன்றைக்குத்தான் அது என்னைப் பார்த்தது. துடைப்பத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கட்டில் கிடக்கும் அந்த முன்னறை முன்பு கிடையாது. அவர் நன்றாக இருந்த காலத்தில், லீவு நாட்களில் பட்டறை நண்பர்களை வைத்துக் கட்டியது. எல்லோரும்தான் தெருவுக்குள் இழுத்துக் கட்டினார்கள். ஒருவர் படி இறக்கினார், ஒருவர் ஷெட் போட்டார், கணக்கு சார் மாடிப்படியையே தெருவில் இறக்கினார். நாங்கள் மட்டும் என்ன இளிச்சவாயர்களா? சாக்கடை மூடி அறைக்குள் வந்துவிட்டது. அதைச் சுற்றி டைல்ஸை வளைவாக அறுத்து, பார்க்க அழகாகவே பதித்திருந்தார்.

இன்றைக்கு எங்கள் பிழைப்பே அந்த அறைதான். ஜன்னலோரம் என் தையல் மெஷின், இந்தப் பக்கம் அவர் கட்டில். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று வேலை வந்துகொண்டிருக்கும். தைத்துக்கொண்டே தலையைத் திருப்பினால் அவர் தெரிவார். இடது பக்கம் சரிந்தால் தானாக நிமிர முடியாது, மூச்சு முட்டும். ஓடிப்போய் நிமிர்த்த வேண்டும். பின்னறை இருட்டு. அங்கே கட்டில் போட்டால் மெஷினுக்கு இடமில்லை, மெஷின் போட்டால் கட்டிலுக்கு இடமில்லை. அறை போனால் ஒன்று சம்பாத்தியத்தை விட வேண்டும், அல்லது அவரைத் தனியாக விட வேண்டும்.

ஓட்டமும் நடையுமாகக் கணக்கு சாரிடம் போனேன்.

"சார், மனுவைத் திருப்பி வாங்கிடுங்க. அளக்க வந்தா நம்ம வீட்டையும்தான் அளப்பாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா, ஊருல எல்லாரும் பண்ணினது. எல்லாத்தையுமா இடிச்சிடுவாங்க?"

"உங்க மாடிப்படி?"

"அது ரொம்ப வருஷமா இருக்கு. அனுபவ பாத்தியதை." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "இப்ப நீங்க பின்வாங்கினா தெருவுல என்ன பேசுவாங்க தெரியுமா? கட்டடக்காரங்க உங்களைத் தனியா கவனிச்சுட்டாங்கன்னு பேசுவாங்க. நான் சொல்லல. பேசுவாங்க."

அவரே சொல்வார் என்பது எனக்குப் புரிந்தது.

வீட்டுக்குத் திரும்பினால், என் முன்னறைச் சுவரில் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். 'எங்கள் தெரு குறுகியது. அடுக்குமாடி வேண்டாம்.' அந்தச் சுவர்தான் தெருவில் நன்றாகத் துருத்திக்கொண்டு நிற்கிறதாம், தூரத்திலிருந்தே தெரியுமாம். கட்டியவர்கள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் பதிலுக்கு என்ன சொல்ல முடியும்? நல்லா இறுக்கிக் கட்டுங்கப்பா என்றேன்.

பிறகு வந்த நாட்களில் வாசலுக்கு ஒரு வண்டி வந்தால் போதும், மெஷினை விட்டு எழுந்து எட்டிப் பார்ப்பேன். தைத்த ஜிப்பையே பிரித்துத் திரும்பத் தைத்தேன். கடைக்குப் போனால், உங்களாலதான் அம்மா நாம தப்பிச்சோம் என்று நடுவழியில் கையைப் பிடித்துக்கொள்வார்கள். சிரிப்பேன். அந்த இன்ஜினியர் எப்படி அவ்வளவு நேரம் சிரித்தார் என்று அப்போதுதான் விளங்கியது.

கடைசியில் தெருவை அளக்க வந்த சர்வேயர் ஒரு சின்னப் பெண். வரைபடம், டேப், சிவப்புப் பெயின்ட் டப்பாவோடு இரண்டு ஆட்கள். இன்ஜினியரும் கூடவே வந்திருந்தார். தெருவே வாசலில் நின்றது. முதலில் அளந்து, "குறுகலாத்தான் இருக்கு" என்றாள் அந்தப் பெண். எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. அப்புறம் வரைபடத்தை விரித்தாள்.

"சாக்கடை மூடி எல்லாம் ரோட்டுக்கு உள்ளே, ரெண்டு ஓரத்துலயும் இருக்கணுமே. ஒண்ணைக்கூடக் காணோம்?"

கணக்கு சார் ஆகாயத்தைப் பார்த்தார். ஷெட்டுக்காரர் தன் செருப்பைப் பார்த்தார். நான் என் வாசற்படியில் கல்லாக நின்றேன். இந்த ஒரு தடவை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று தோன்றியது.

ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "இங்க இருக்கும்மா. உள்ள வா. கட்டிலுக்கு அடியில."

அவள் உள்ளே வந்து குனிந்து பார்த்தாள். தயங்கித்தான் ஆட்களைக் கூப்பிட்டாள். கட்டிலை அவரோடு சேர்த்து நகர்த்தினார்கள். மூடியைத் தாண்டி, அறையின் நடுவில், மெஷினுக்கும் பின்னால் தரையில் சிவப்புக் கோடு விழுந்தது. அந்த ஒரு மூடி கிடைத்ததும் மற்றதெல்லாம் சுலபமாகிவிட்டது. வீடு வீடாகப் போய்க் கோடு போட்டார்கள். மாடிப்படியில் ஒன்று, ஷெட்டில் ஒன்று.

"இதெல்லாம் எடுத்துட்டா ரோடு தாராளமா இருக்கு" என்றாள். "கட்டடத்துக்கு அகலம் போதும்."

இன்ஜினியர் என்னிடம் வந்தார். கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை. "ரொம்ப நன்றிம்மா. நாங்க கேட்டிருந்தா இந்தத் தெருவுல ஒருத்தரும் ஒரு செங்கல்லைக்கூட எடுத்திருக்க மாட்டாங்க."

எல்லோரும் போன பிறகு கதவைச் சாத்தினேன்.

"உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? எல்லாரும் வாயை மூடிக்கிட்டு நிக்கறாங்க, நீங்க எதுக்குங்க கூப்பிட்டுக் காட்டினீங்க? இனி உங்களை நான் எங்க போடுவேன்?" எனக்கு அழுகை வந்துவிட்டது. "அந்த ஷெட்டுக்காரன் பண்ணின பாவத்துக்கு நாம ஏன் அனுபவிக்கணும்?"

அவர் நெடுநேரம் வாயைக் கோணிக்கொண்டு வார்த்தையைத் தேடினார்.

"அன்னைக்கு ஆம்புலன்ஸ் ஷெட்டுல சிக்கல."

"நான் என் கண்ணால பார்த்தேன்."

"நீ ஷெட் பக்கம் நின்னே. என்னை நம்ம வீட்டுப் பக்கமாத் தூக்கிட்டு வந்தாங்க. ஷெட்டுல தகரம்தான் உரசுச்சு, அது மடங்கிக் குடுத்துடும். வண்டி மாட்டினது நம்ம சுவத்துல. வண்டியோட கண்ணாடி உடைஞ்சு நம்ம ஜன்னலுக்குக் கீழதான் கிடந்தது. நான் கட்டின சுவரு. நல்லா கெட்டியாக் கட்டிட்டேன்."

நான் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன்.

"இத்தனை நாள் ஏங்க சொல்லல?"

"உனக்குத் திட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது. என்னைத் திட்ட உனக்கு மனசு வராது."

ஜன்னலில் நிழல் விழுந்தது. ஷெட்டுக்காரர் பேனரை ஒதுக்கிக்கொண்டு வெளியே நின்றிருந்தார். கேட்டிருப்பாரா, தெரியாது. அவர் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது, முடியெல்லாம் நரைத்துப்போயிருந்தது.

"அக்கா," என்றார். "அண்ணன் கட்டிலை இனி எங்க போடுவீங்க?"

தெருவில் வேறு யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. நான் தரையில் கிடந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தேன். பெயின்ட் இன்னும் காயவில்லை.

"தெரியலப்பா," என்றேன்.