டோ கின் ட்வேயைத் தேடி

கல்லூரிக்குத் தயார் செய்யும் கோடை வகுப்பில் காலையெல்லாம் ஆங்கிலமும் கணக்கும். மதியம், பர்மாவில் நாங்கள் வாழும் தாமுவே பேட்டையில் எங்கள் தமிழ்க் குடும்பங்களைப் பேட்டி எடுக்கும் பயிற்சி. பட்டியலில் கடைசிப் பெயர் டோ கின் ட்வே; 'டோ' என்றால் பர்மிய மொழியில் 'அம்மாள்'.

மூன்று நாள் வெயிலில் அலைந்தும் ஆள் சிக்கவில்லை. தினமும் மங்கலம் அக்காவின் தோசைக் கடையில் உட்கார்ந்து அந்த அம்மாளைத் திட்டித் தீர்த்தேன். அக்கா சட்னி ஊற்றியபடி, "சரி, மொதல்ல சாப்பிடு" என்பார்.

நான்காம் நாள் சுவரில் மாட்டியிருந்த கடை உரிமத்தைப் பார்த்தேன். அக்காவின் படம், கீழே டோ கின் ட்வே. எங்களுக்கு வீட்டில் தமிழ்ப் பெயர், அரசாங்கத் தாளில் பர்மியப் பெயர். எனக்கும் அப்படித்தான், இருந்தும் தோன்றவில்லை!

"ஏங்க்கா சொல்லல?" என்று கத்தினேன்.

"சொல்லியிருந்தா அன்னிக்கே எழுதிட்டுப் போயிருப்பியே!"