லாஞ்சிக்குத் தண்ணி காட்டிய கதை

இரண்டு குடம் கிணற்றுத் தண்ணீரை இன்ஜின் தலையில் கவிழ்த்துவிட்டுத்தான் அன்று காலை பெண்டாட்டியோடு புறப்பட்டேன். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு வேறு. யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துப்போட்ட மோட்டார் லாஞ்சி அது. ராயபுரத்துப் பலசரக்குக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, பெண்டாட்டி இசக்கியம்மாளின் காதிலும் கழுத்திலும் கிடந்ததை விற்று வாங்கியிருந்தேன். எண்ணூர் உப்பங்கழியோரத்துக் குப்பங்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டுபோய் விற்கிற யோசனை. லாஞ்சி போனால் எங்கள் பிழைப்பும் போச்சு.

விற்ற சுப்பராயன் துறைமுகத்தில் லாஞ்சி ஓட்டியவர். முந்தின நாள் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். எண்ணெய் பார்க்கும் குச்சி, இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் கைப்பிடி, உள்ளே தேங்கியதை இறைக்கும் பம்பு. எல்லாவற்றுக்கும் நான், "தெரியும், தெரியும்" என்று தலையாட்டினேன். கடைசியில் அடிப்பலகையைக் காலால் தட்டினார். "கெளப்பறதுக்கு முன்னாடி இதுக்குத் தண்ணி காட்டிடு நைனா. இல்லாங்காட்டி அது உனுக்குத் தண்ணி காட்டிடும்." சிரித்தார். நானும் சிரித்தேன். வள்ளியூர்க்காரனுக்கா தண்ணி காட்டத் தெரியாது? எத்தனை மாட்டுக்குக் காட்டியிருக்கிறேன்!

கழித் தண்ணீர் கடலுக்கு வடிகிற நேரம். முகத்துவாரக்குப்பம் தெரிந்தபோது இன்ஜினில் பெயிண்ட் பொசுங்கி நாறியது. நாலு இடி இடித்தது, நின்றுவிட்டது. வடிகிற தண்ணீர் எங்களை முகத்துவாரத்துப் பக்கம் இழுத்தது. அங்கே அலை வெள்ளையாக மறிந்துகொண்டிருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது.

"ஏ இசக்கியம்மா, நீதான் தாயே காப்பாத்தணும்!" என்று என் பெண்டாட்டி தன் பேரையே சொல்லிக் கத்தினாள். எங்கள் குலசாமியும் இசக்கிதான்.

ஓரத்தில், மார்பளவு தண்ணீரில், ஒருத்தி கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்ததைப் போட்டு வைக்கும் ஓலைப்பறியைப் பல்லில் கடித்திருந்தாள். நான் வீசிய கயிற்றை எட்டிப் பிடித்து, பக்கத்தில் நட்டிருந்த வலைக்கம்பில் சுற்றினாள். லாஞ்சி வெடுக்கென்று இழுத்ததில் "யம்மாடி!" என்று வாய் திறந்தாள். பறி கவிழ்ந்தது. விடியலிலிருந்து பிடித்த இறால் மொத்தமும் தண்ணீரோடு போயிற்று. கயிற்றை மட்டும் அவள் விடவில்லை. லாஞ்சி நின்றதும் நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பெற்ற தாய்க்கு அடுத்தபடி அவளைத்தான் அப்படிக் கும்பிட்டேன்.

பேர் அங்கம்மா என்றாள். கம்பில் சிக்கிய காலிப் பறியை எடுத்துக்கொண்டே, "சோல்ஜருங்க ஓட்டறப்போ இது பக்கத்துல தண்ணி துப்பிகினே போவும் நைனா. எத்தினி வாட்டி என் மூஞ்சில ஊத்திக்கீது! இன்னிக்கு இன்னா, துப்பவே காணோம்?" என்றாள்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. தண்ணியை மேலே ஊற்றச் சொல்லவில்லை பாவி மனுசன்; இன்ஜின் சூடு தணிய வெளித் தண்ணியை உள்ளே விடச் சொல்லியிருக்கிறார். இன்ஜின் ஆறும்வரை பொறுத்து அடிப்பலகையைத் தூக்கினேன். இறுக மூடிய பித்தளைத் திருகு ஒன்று இருந்தது. படகின் அடியில் கடலுக்கு வாசல் வைப்பானா ஒருத்தன்? சாமி பேரைச் சொல்லித் திறந்தேன். கைப்பிடியைச் சுற்றினேன். இன்ஜின் இருமி, பிறகு பிடித்துக்கொண்டது. பக்கத்துக் குழாயிலிருந்து தண்ணீர் பீறிட்டு அங்கம்மாவின் தோளில் விழுந்தது.

"கலீஜ் லாஞ்சி! புத்தி மாறலியே!" என்று சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.

"ஒங்க எறாலெல்லாம் போச்சே தாயி."

"போவட்டும் நைனா. நீங்க பொயச்சீங்களே." சொல்லிவிட்டு, காலிப் பறிக்குள் ஒருதரம் பார்த்துக்கொண்டாள்.

நான் அரிசி மூட்டையைப் பிரிக்கப் போனேன். "இருங்க," என்றாள் இசக்கி. பட்டணத்துக்கு வந்து ஏழு வருசத்தில் கடலில் கால்கூட நனைக்காதவள், சேலையை வரிந்து செருகிக்கொண்டு விளிம்பைப் பிடித்தபடி கழிக்குள் இறங்கிவிட்டாள். தண்ணீர் அவள் நெஞ்சைத் தொட்டது.

"எங்கனக்குள்ள துழாவணும்? சொல்லுக்கா."

"ஏறும்மா, கால்ல சிப்பி கீச்சிடும்."

"கிழிச்சா கிழிக்கட்டும்."

அங்கம்மா அவள் பக்கமாக நடந்து வந்தாள். பிறகு பறியின் விளிம்பை அவள் வாயில் கொடுத்தாள். இசக்கி கெட்டியாகக் கடித்துக்கொண்டு குனிந்தாள். சேற்றுக்குள் ஏதோ விரலில் துள்ளியிருக்க வேண்டும். கத்த முடியாமல், கண்ணை மட்டும் அகல விரித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பிடித்தாள்.